நிற்கும் நகரத்தின் அடியில்: மெக்சிகோ நகரம் தன் அடித்தளத்தைப் பார்க்கக் கற்ற வரலாறு



அகழாய்வு என்றால் நமக்கு நினைவுக்கு வருவது பெரும்பாலும் ஊருக்கு வெளியே கிடக்கும் ஒரு மேடுதான். தோப்போ கொல்லையோ, உடையவரிடம் இசைவு பெற்று, கயிறு கட்டிக் கட்டம் பிரித்து, அடுக்கடுக்காக மண்ணை எடுக்கலாம். மக்கள் விட்டுப் போகாத ஊர்களின் நிலை வேறு. இடித்த இடத்திலேயே கட்டி, கட்டியதன் மேலேயே மறுபடியும் கட்டி, நூற்றாண்டுக் கணக்கில் ஒரே மண்ணில் வாழும் ஊர்கள் அவை. அங்கே எங்கே தோண்டுவது என்று ஆய்வாளர் தாமே தீர்மானிக்க முடியாது. சாக்கடைக்குப் பள்ளம் எடுக்கும்போது, மின்கேபிள் புதைக்கும்போது, நிலநடுக்கத்தில் ஒரு கட்டடம் விழும்போதுதான் அவருக்குக் கீழே பார்க்க வாய்க்கிறது. அப்படிப் பார்ப்பதற்கு ஒரு நகரம் எப்படிக் கற்றுக்கொண்டது என்பதே இன்றைய என் பேச்சின் பொருள். மெக்சிகோ நகரத்தை எடுத்துக்கொண்டேன். மேலே நிற்பதை இடிக்காமல் கீழே கிடப்பதை அறிய முடியுமா என்ற கேள்வியை அந்த நகரம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எதிர்கொண்டு வருகிறது. அதன் விடையும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

1978-ஆம் ஆண்டு பிப்ரவரி 21, விடிவதற்கு முந்தைய நேரம். நகரின் நடுவில், பேராலயத்துக்குப் பின்புறம், குவாத்தமாலா தெருவும் அர்ஜென்டினா தெருவும் சந்திக்கும் முனையில் மின்வாரியத் தொழிலாளர்கள் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஆழத்தில் கருவி ஒரு கல்லில் பட்டது. சேற்றைத் துடைத்துப் பார்த்தபோது அதில் செதுக்கு வேலை தெரிந்தது. வேலையை நிறுத்தினார்கள். செய்தி தேசிய மானுடவியல், வரலாற்று நிறுவனத்துக்குப் போனது. அங்கிருந்து மீட்பு அகழாய்வுப் பிரிவினர் வந்து மண்ணை விலக்கியபோது, மூன்று மீட்டருக்கு மேல் குறுக்களவும் சுமார் 8 டன் எடையும் கொண்ட ஒரு வட்டக்கல் வெளிப்பட்டது.

அந்தக் கல்லைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். வட்டத்துக்குள் ஒரு பெண்ணின் உடல். தலை தனியே கிடக்கிறது. கைகளும் கால்களும் உடலிலிருந்து வெட்டுண்டு, சுழலும் நிலையில் பரந்து கிடக்கின்றன. வெட்டிய இடங்களில் எலும்பு முனைகூடச் செதுக்கப்பட்டிருக்கிறது. கன்னத்தில் மணிகள், தலையில் இறகு அணி, இடுப்பில் பாம்புக் கச்சை, அதில் ஒரு மண்டையோடு. கன்னத்து மணிகளைக் கொண்டுதான் இது கொயோல்ஷாவ்கி என்ற தெய்வம் என்று அடையாளம் கண்டார்கள். கொவாட்டெபெக் என்ற மலைமேல் கோயில் பெருக்கிக்கொண்டிருந்த தாய் கொவாட்லிகுவே, வானிலிருந்து விழுந்த இறகுப் பந்தை எடுத்து மடியில் செருகியதால் கருவுற்றாள் என்பது மெஷிகா மக்களின் புராணம். மகள் கொயோல்ஷாவ்கி சினம் கொண்டு, தன் நானூறு சகோதரரையும் கூட்டிக்கொண்டு தாயைக் கொல்ல மலையேறினாள். அந்த நேரத்தில் ஆயுதத்தோடு பிறந்தான் உயிட்சிலோபோச்ட்லி. தமக்கையின் தலையைக் கொய்து உடலை மலையிலிருந்து உருட்டிவிட்டான். அடிவாரத்தில் அவள் உடல் துண்டு துண்டாக விழுந்தது.

கல் கிடந்த இடம், உயிட்சிலோபோச்ட்லியின் கோயில் படிக்கட்டின் அடி. கோயிலே அந்த மலை. மேலே அவன் சந்நிதி, கீழே அவள் உடல். அங்கே பலியானவர்களின் உடல்களும் மேலிருந்து அதே படிகளில் உருட்டிவிடப்பட்டன. கல்லை மட்டும் பெயர்த்துக் காட்சிக்கூடத்தில் நிறுத்தியிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது அழகான ஒரு சிற்பம். அது இருந்த இடத்தில் இருந்ததால்தான் ஒரு மக்களின் புராணம் எப்படிக் கட்டடமாயிற்று என்பது தெரிந்தது. தொல்பொருளின் பாதிப் பொருள் அது கிடக்கும் இடத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன். இதை மனத்தில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போவோம்.

மெஷிகா மக்களை நம் பாடநூல்கள் அஸ்டெக்குகள் என்று சொல்கின்றன. டெஷ்கோக்கோ ஏரியின் நடுவே ஒரு தீவில் அவர்கள் அமைத்த நகரம் டெனோச்டிட்லான். மரபு வழியில் அதன் தோற்றம் 1325 என்பார்கள். நகர நடுவில் புனித வளாகம். அதில் 78 கட்டடங்கள் இருந்ததாக, ஸ்பானியர் வெற்றிக்குப் பின் வந்த பிரான்சிஸ்கன் துறவி பெர்னார்தினோ தெ சஹாகுன் எழுதிவைத்தார். அவற்றில் தலையானது டெம்ப்லோ மயோர் என்று இன்று அழைக்கப்படும் பெருங்கோயில். ஒரே மேடைமீது இரண்டு சந்நிதிகள். வடக்கே மழைக் கடவுள் ட்லாலோக், தெற்கே போர்க் கடவுள் உயிட்சிலோபோச்ட்லி. உழவும் போரும் அந்த அரசின் இரண்டு வரும்படிகள். இரண்டுக்கும் ஒரே கோயில்.

ஒவ்வொரு அரசரும் பழைய கோயிலை இடிக்காமல் அதன் மேலேயே பெரிதாக்கிக் கட்டினார்கள். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த பழைய சுவரைச் சுரண்டினால் முன்னிருந்த பூச்சுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிவதுபோல, அந்தக் கோயிலுக்குள் ஏழு பெரிய கட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. ஏரிக் களிமண்மேல் அத்தனை பாரம் ஏறியதால் கோயில் தானும் புதைந்துகொண்டே வந்தது. தரையை உயர்த்த வேண்டிய கட்டாயமும் அடிக்கடி வந்தது.

1521 ஆகஸ்ட் 13-ஆம் நாள் நகரம் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. அவர்கள் தளபதி எர்னான் கோர்ட்டெஸ் வேறிடம் தேடவில்லை. அதே இடத்தில் புதிய தலைநகரை எழுப்பினார். கோயில் கற்கள் மாதாகோயில் சுவர்களாகவும் மாளிகைக் கடைக்கால்களாகவும் ஆயின. வேலையாட்கள் தோற்ற மக்களே. கோர்ட்டெஸ் கண்ணால் கண்ட, சுமார் 45 மீட்டர் உயரமிருந்த ஏழாம் கட்டக் கோயிலில் இன்று தரைப்பாவல் தவிர ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. இடித்தவர்கள் தெரு மட்டம் வரை இடித்தார்கள். அதற்குக் கீழே புதைந்துபோயிருந்த இரண்டாம் கட்டக் கோயிலோ, சுமார் 1390-இல் கட்டியது, சந்நிதிச் சுவர்களோடும் வண்ணப்பூச்சோடும் தப்பியது. ட்லாலோக் சந்நிதி வாசலில் சாய்ந்து படுத்திருக்கும் சக்மூல் சிலை வண்ணம் மாறாமல் அதே இடத்தில் இருக்கிறது. உயிட்சிலோபோச்ட்லி சந்நிதி வாசலில் பலிக்கல்லும் அப்படியே. கடைசியாகக் கட்டியது முழுதும் போக, முதலில் கட்டியவற்றுள் ஒன்று நின்றது. சேறு காத்தது.

இனி 1790-க்கு வருவோம். அரசப் பிரதிநிதி ஆட்சியில் பெரிய சதுக்கத்தைச் சீராக்கித் தளம் பாவினார்கள், நீர்வடிகால் போட்டார்கள். அந்த வேலையில், ஆகஸ்ட் 13 அன்று, நகரம் வீழ்ந்த அதே தேதியில், கொவாட்லிகுவேயின் பெருஞ்சிலை வெளிவந்தது. டிசம்பர் 17 அன்று, இன்று உலகம் முழுக்கப் படங்களில் காணும் சூரியக்கல் வந்தது: 3.6 மீட்டர் குறுக்களவு, ஏறக்குறைய 24 டன். அந்தோனியோ தெ லெயோன் இ காமா என்ற அறிஞர் இரண்டையும் ஆய்ந்து 1792-இல் ஒரு நூல் வெளியிட்டார். மெக்சிகோவின் தொல்லியல் அங்கே தொடங்குகிறது என்பது வரலாற்றாளர் பலரின் கருத்து.

ஆனால் அந்த இரண்டு கற்களுக்கும் நேர்ந்த கதியில்தான் அன்றைய மனப்போக்கு தெரிகிறது. சூரியக்கல் காலக்கணக்கு அறிவின் சான்று என்று மதிக்கப்பட்டு, பேராலயத்தின் மேற்குக் கோபுரச் சுவரில் வெளிப்புறமாகப் பதிக்கப்பட்டது. 1885-இல்தான் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தது. கொவாட்லிகுவே பல்கலைக்கழக முற்றத்தில் வைக்கப்பட்டாள். பூர்வகுடி மக்கள் அவளைத் தேடி மெழுகுவத்தியும் பூவும் கொண்டுவரத் தொடங்கினார்கள். பழைய வழிபாடு திரும்பிவிடுமோ என்று அஞ்சி, சிலையை அதே முற்றத்தில் குழிதோண்டிப் புதைத்துவிட்டார்கள். ஜெர்மன் அறிஞர் ஹும்போல்ட் அங்கே வந்தபோது பார்க்க விரும்பினார் என்பதற்காகத் தோண்டி எடுத்து, பார்த்து முடித்ததும் மறுபடியும் புதைத்தார்கள். ஏறத்தாழ முந்நூறு ஆண்டு கழித்துத் தங்கள் தாயைக் கண்டு பூ வைத்த மக்களிடமிருந்து அவள் மறைக்கப்பட்டாள். அயலிலிருந்து வந்த ஒருவருக்குக் காட்டப்பட்டாள். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. மண்ணுக்கடியிலிருந்து வருவது யாருடையது என்ற கேள்வியை அந்த மக்கள் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுவிட்டார்கள்.

1900-இல் வந்தது பாதாளச் சாக்கடை. பேராலயத்தின் பின்புறத் தெருவில், அப்போது எஸ்கலெரியாஸ் தெரு என்று பெயர், நீளவாக்கில் ஆழமான பள்ளம் வெட்டினார்கள். தொல்பொருள் காவலராக இருந்த லெயோபொல்டோ பாட்ரெஸ் கூடவே நின்று, வந்த பொருள்களைச் சேகரித்து எழுதிவைத்தார். அதற்காக நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பெருங்கோயில் பேராலயத்தின் அடியில் இருக்கிறது என்பது அவர் முடிவு. அந்த முடிவோடு இருந்ததால், தம் சாக்கடைப் பள்ளம் பெருங்கோயிலையே ஊடறுத்துப் போகிறது என்பது அவருக்குத் தெரியாமலே போனது. பதின்மூன்று ஆண்டு கழித்து, பக்கத்து முனையில் ஒரு கட்டடம் இடிக்கப்பட்டபோது, மனுவேல் காமியோ அங்கே தோண்டிப் படிக்கட்டையும் பாம்புத் தலையையும் கண்டு, இதுவே பெருங்கோயிலின் தென்மேற்கு மூலை என்று சரியாகச் சொன்னார். இடம் தெரிந்துவிட்டது. ஆனால் சுற்றிலும் வீடுகள், கடைகள், புத்தகக் கடைகள். மேற்கொண்டு போக வழியில்லை. 1978 வரை, அறுபத்தைந்து ஆண்டு, அந்த மூலை மட்டும் திறந்த குழியாகக் கிடந்தது.

கொயோல்ஷாவ்கி கல் வந்ததும் எல்லாம் மாறியது. குடியரசுத் தலைவர் ஹோசே லோப்பெஸ் போர்ட்டியோ நேரில் வந்து பார்த்தார். முழுக் கோயிலையும் வெளிக்கொணர முடிவாயிற்று. எடுவார்டோ மாட்டோஸ் மொக்டெசுமா தலைமையில் 1978 மார்ச்சில் தொடங்கி 1982 வரை பெரும் அகழாய்வு நடந்தது. அதற்காக 13 கட்டடங்கள் இடிக்கப்பட்டன. பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டுக் கட்டடங்கள். சிலவற்றில் காலனியக் காலத்துப் பகுதிகளும் இருந்தன. காலனியக் கட்டடக் கலையைப் போற்றுவோர் எதிர்த்தார்கள். ஒரு வரலாற்றைக் காண மற்றொன்றை அழிப்பதா என்பது அவர்கள் கேள்வி.

அந்தக் கேள்வியை இலேசாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. அது நியாயமான கேள்வி. ஆயினும் 1978-இல் எடுத்த முடிவு சரி என்பதே என் கருத்து. அந்த மக்களின் மையக் கோயில் எங்கே, எப்படி இருந்தது என்று கண்ணால் காண அந்த நாட்டுக்கு ஓர் இடம்கூட அதுவரை இல்லை. தோற்றவர்களின் நகரம் ஏட்டில் மட்டும் இருந்தது, அதுவும் வென்றவர்கள் எழுதிய ஏட்டில். ஒரு முறை, ஓர் இடத்தில், அந்த விலையைக் கொடுக்கலாம். அதையே வழக்கமாக்கக் கூடாது. மெக்சிகோ தொல்லியலாளர்கள் அதை வழக்கமாக்கவில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

அந்த நான்காண்டில் கிடைத்த பொருள்கள் 7,000-க்கு மேல். பெரும்பாலானவை கோயில் தளத்துக்குக் கீழே கற்பெட்டிகளில் வைத்து மூடிய படையல்கள். அடியில் கடல் மணல், அதன்மேல் சிப்பியும் பவளமும், அதன்மேல் மீன், முதலை, பறவை எலும்புகள், அதற்கும் மேலே தெய்வ உருவங்கள் என்று கடல், நிலம், வானம் ஆகிய மூன்றையும் ஒரு பெட்டிக்குள் அடுக்கியிருந்த படையல்களும் உண்டு. பெட்டியைத் திறந்தவுடன் பொருள்களை அள்ளியெடுத்திருந்தால் இது தெரிந்திருக்காது. ஒவ்வொன்றும் எந்த ஆழத்தில், எந்தத் திசை நோக்கி இருந்தது என்று வரைந்து, படமெடுத்து, ஓர் அடுக்கு முடிந்த பிறகே அடுத்ததில் கை வைத்தார்கள். ஒரு பெட்டிக்கு மாதக்கணக்கு ஆகும்.

அந்தப் படையல்களில் ஒரு செய்தி என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. சில முகமூடிகள் மெஷிகாக்கள் செய்தவை அல்ல. டெனோச்டிட்லான் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே பாழாகிவிட்ட டெயோட்டிஹுவாக்கான் நகரத்துக் கல் முகமூடிகள் இருந்தன. அதற்கும் வெகு காலம் முந்தைய ஓல்மெக் முகமூடி ஒன்றும் இருந்தது. கோயிலில் வைத்த நாளிலேயே அதற்கு ஈராயிரம் ஆண்டு வயது. மெஷிகாக்களே பழைய பாழூர்களைத் தோண்டியிருக்கிறார்கள். கிடைத்ததை மதித்து, தங்கள் கோயிலின் அடியில் மறுபடி புதைத்திருக்கிறார்கள். முன்னோர் பொருளைத் தேடும் ஆசை நவீனக் கல்வி நமக்குக் கற்றுத்தந்த ஒன்று என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இது நல்ல விடை.

1987-இல் பெத்ரோ ராமிரெஸ் வாஸ்கெஸ் வடிவமைத்த அருங்காட்சியகம் அங்கேயே திறக்கப்பட்டது. அதே ஆண்டு நகரின் வரலாற்று மையம் யுனெஸ்கோ உலக மரபிடப் பட்டியலில் சேர்ந்தது. கவனியுங்கள், பட்டியலில் சேர்ந்தது கோயில் மட்டும் அன்று. மேலே நிற்கும் காலனிய நகரமும் சேர்ந்தே. இனி எதையும் இடித்துக் கீழே போக முடியாது. 1991-இல் மாட்டோஸ் மொக்டெசுமா நகரத் தொல்லியல் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். பழைய புனித வளாகம் பரந்திருந்த பகுதியில் எந்தக் கட்டடத்தில் என்ன வேலை நடந்தாலும், குழாய் மாற்றினாலும் கடைக்கால் பலப்படுத்தினாலும், முதலில் தொல்லியலாளர் இறங்கிப் பார்ப்பது என்பது நடைமுறை. இதற்கு முதுகெலும்பாக இருப்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி ஸ்பானியர் வருகைக்கு முந்தைய தொல்பொருள் எல்லாம் நாட்டின் சொத்து. மேலே உள்ள மனை யாருடையதாக இருந்தாலும் சரி. வீட்டுக்காரருக்கு இதனால் தாமதமும் செலவும் உண்டு. ஆனால் கல் தெரிந்தவுடன் மண்ணைத் தள்ளி மூடிவிடும் பழக்கத்தை வெல்லச் சட்டமின்றி முடியாது.

இந்தக் கட்டத்தில் பேராலயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1573-இல் தொடங்கி 1813-இல் முடித்த அந்தக் கட்டடம் ஒருச்சாய்ந்து புதைந்துகொண்டே போனது. மெக்சிகோ நகரம் குடிநீருக்காக நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, நீர் நிறைந்த ஏரிக் களிமண் சுருங்குகிறது. ஊரே இறங்குகிறது என்பதை 1925-இல் ரோபெர்ட்டோ கயோல் அளந்து சொன்னார். காரணம் நீர் இறைப்பே என்று 1940-களின் இறுதியில் நபோர் கரியோ விளக்கினார். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் நகர மையத்தின் சில பகுதிகள் 9 மீட்டருக்கு மேல் இறங்கின. எல்லா இடமும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் கவலை குறைவு. பேராலயம் நிற்பது பழைய கோயில் மேடைகள்மீது. மேடைகள் இருந்த இடத்துக் களிமண் அவற்றின் பாரத்தால் முன்பே இறுகிவிட்டது. அது மேலும் அதிகம் இறங்குவதில்லை. மேடை இல்லாத இடம் இறங்குகிறது. ஆகவே தளத்தின் ஒரு மூலைக்கும் மற்றொரு மூலைக்கும் சுமார் 2.4 மீட்டர் வித்தியாசம் வந்துவிட்டது. இடித்து மண்மூடியதாக எண்ணிய கோயில்கள், மேலே நிற்கும் பேராலயத்தின் சுவர்களை விரிசல் விடச் செய்துகொண்டிருந்தன.

1990-களில் பொறியாளர்கள் கண்ட வழி, இறங்காத பக்கத்தின் அடியிலிருந்து களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்து, அந்தப் பக்கத்தையும் மெல்ல இறங்கவைப்பது. அதற்காகப் பேராலயத்தின் உள்ளும் புறமும் முப்பதுக்கு மேற்பட்ட ஆழ்கிணறுகள் வெட்டினார்கள். பிற்பாடு பைசாக் கோபுரத்தை நிமிர்த்தியதும் இதே முறையால்தான். நடுக்கூடத்தில் மேலிருந்து தொங்கும் தூக்குக்குண்டு சாய்வு மாறி வந்ததைக் காட்டுகிறது. நம் கொத்தனார்கள் சுவர் எழுப்பும்போது பிடிக்கும் அதே குண்டுதான், அளவில் பெரியது. அந்தக் கிணறுகள் ஒவ்வொன்றிலும் பொறியாளருக்கு முன் தொல்லியலாளர் இறங்கினார். கட்டடத்தைக் காக்க வெட்டிய கிணறே கீழ் நகரத்தைப் பார்க்கும் சாளரம் ஆயிற்று. இன்று பேராலயத்தைச் சுற்றிய தரையில் கண்ணாடி பதித்து, கீழே இருப்பதைப் போவோர் வருவோர் குனிந்து பார்க்கும்படி விட்டிருக்கிறார்கள்.

இதன் பிறகு வந்தவை எல்லாம் இந்த வகைதான். அவற்றில் சிலவற்றை விரைவாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். குவாத்தமாலா தெருவில் ஸ்பெயின் நாட்டுப் பண்பாட்டு மையம் தன் கட்டடத்தை விரிவாக்கியபோது, உயர்குடிச் சிறுவர்கள் படித்த கல்மெகாக் பள்ளியின் பகுதிகள் வெளிவந்தன. கட்டட வரைபடத்தை மாற்றி, நிலவறையையே சிறு அருங்காட்சியகமாக்கி, அவற்றை அங்கேயே வைத்தார்கள். 1985 நிலநடுக்கத்தில் சேதமான ஒரு ஹோட்டல் இருந்த மனையில் காற்றுக் கடவுள் எஹெகாட்லின் கோயிலும் பந்தாட்டக் களமும் கிடைத்தன. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1967-இல் மெட்ரோ சுரங்கம் தோண்டியபோது கிடைத்த வட்டமான பீடம் ஒன்றை, பினோ சுவாரெஸ் நிலையத்தில் பயணிகள் நடந்துபோகும் வழியிலேயே நிறுத்தியிருக்கிறார்கள்.

சதுக்கத்தின் ஓரத்தில் நெடுங்காலமாக ஓர் அடகு நிறுவனம் இயங்கும் பழைய மாளிகையில், தூண்களைச் செப்பனிடுவதற்காகச் சோதனைக் குழிகள் எடுத்தார்கள். 2020-இல் அறிவித்த முடிவு இது: தளத்துக்குக் கீழே கோர்ட்டெஸ் தமக்காகக் கட்டிய வீட்டின் சுவர், கோயில் கற்களை எடுத்துக் கட்டிய சுவர். அதற்கும் கீழே, சுமார் மூன்று மீட்டரில், கருங்கல் பலகை பாவிய தரை. அரசர் அஷாயாகாட்லின் அரண்மனை முற்றம். கோர்ட்டெஸ் விருந்தினராக வந்து தங்கி, பிறகு அன்றைய மெஷிகா அரசர் மொக்டெசுமாவைச் சிறைவைத்த அரண்மனை அது. விருந்தோம்பிய தளம், அதன்மேல் வென்றவரின் வீடு, அதன்மேல் நகைகளை அடகுவைக்க வருபவர்களின் வரிசை. ஒரு சிறு குழியில் இவ்வளவும். அதற்காக ஒரு தூணைக்கூட அகற்றவில்லை.

குவாத்தமாலா தெருவில் 24-ஆம் எண் வீடு. 2015-இல் அந்தக் காலனிய வீட்டைச் சீரமைக்குமுன் ராவுல் பரேரா குழுவினர் உள்ளே தோண்டினார்கள். பலியானவர்களின் தலைகளைக் கழிகளில் கோத்து வைக்கும் பெரிய மண்டையோட்டு அடுக்கு, உயே ட்சொம்பான்ட்லி, அந்த வீட்டின் அடியில் இருந்தது. மரக்கம்பங்கள் நட்ட குழிகள் வரிசையாகத் தெரிந்தன. அதன் பக்கத்தில், மண்டையோடுகளைச் சுண்ணாம்புக் காரையால் வட்டமாகப் பிணைத்துக் கட்டிய கோபுரம், சுமார் 4.7 மீட்டர் குறுக்களவில். 2020 டிசம்பரில் மேலும் 119 மண்டையோடுகள் தெரிந்தபோது மொத்தம் 600-ஐத் தாண்டியது. கோர்ட்டெஸின் படையாள் அந்திரேஸ் தெ தாப்பியா இப்படிப்பட்ட கோபுரங்களைப் பற்றி எழுதியிருந்தார். வென்றவர்கள் தம் கொடுமையை நியாயப்படுத்தப் புனைந்தது என்று பலர் ஒதுக்கியிருந்தார்கள். அவர் சொன்ன எண்ணிக்கை பெரிது. ஆனால் கோபுரம் உண்மை. போரில் பிடிபட்ட வீரர்களின் தலைகளே அங்கு இருக்கும் என்ற எண்ணமும் நிற்கவில்லை. ஆண்களே மிகுதி என்றாலும் பெண்களும் குழந்தைகளும் அதில் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் சங்கடப்படாமல் பேச வேண்டும். முன்னோர் பெருமையைத் தேடி மண்ணைத் தோண்டுகிறவர்கள், பெருமை தராததும் அதே மண்ணில் கிடைக்கும் என்பதை ஏற்க வேண்டும். மெக்சிகோ ஆய்வாளர்கள் அந்தக் கோபுரத்தை மறைக்கவில்லை, மழுப்பவும் இல்லை. ஒவ்வொரு மண்டையோட்டுக்கும் எண் கொடுத்து, வயது, பால், எங்கிருந்து வந்தவர் என்று ஆராய்கிறார்கள். பெயர் தெரியாமல் இறந்த அந்த மனிதர்களுக்கு இன்று நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.

பெரிய கோயில்களுக்குக் கிடைக்கும் கவனம் சிறு வீடுகளுக்குக் கிடைப்பதில்லை என்பது என் நீண்ட நாள் வருத்தம். ஆகவே கரிபால்தி சதுக்கத்துக்கு அருகே கிடைத்த ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 2021-இல் அறிவித்தார்கள். புனித வளாகத்துக்கு வெளியே, பொதுமக்கள் வாழ்ந்த பேட்டை அது. நான்கு மீட்டர் ஆழத்தில் ஒரு வீட்டு முற்றம். அதில் ஒரு படையல். பதின்மூன்று தூபக்கால்கள், சில கிண்ணங்கள், எரிந்த எலும்பு இருந்த ஒரு பானை. காலம் 1521-க்கும் 1610-க்கும் இடையே என்று கணித்திருக்கிறார்கள். நகரம் வீழ்ந்துவிட்டது; பழைய வழிபாட்டுக்குத் தடை வந்துவிட்டது. அந்த நாள்களில் ஒரு குடும்பம் தன் வீட்டு முற்றத்தில், அயலார் காணாதபடி, இறந்த ஒருவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்து மூடியிருக்கிறது. ஸ்பானிய ஏடுகளில் இந்தக் குடும்பம் இல்லை. சஹாகுனின் 78 கட்டடங்களில் இந்த வீடும் இல்லை. அடுக்குமாடியோ கடையோ கட்ட அவசரப்பட்டு எந்திரத்தால் அள்ளியிருந்தால் ஒரு லாரி மண்ணோடு போயிருக்கும்.

ஈரம் காத்ததைக் காற்று அழித்துவிடும் என்பதையும் மெக்சிகோ தொல்லியலாளர்கள் கற்றிருக்கிறார்கள். 2006-இல் பெருங்கோயிலின் அடிவாரத்தில் பூமித் தெய்வம் ட்லால்டெகுட்லியின் 12 டன் கல் வெளிப்பட்டபோது அதில் செம்மண் நிறமும் காவியும் இன்னும் இருந்தன. கல் உலர்வதைக் கட்டுப்படுத்தி அந்த நிறங்களைக் காத்தார்கள். 2022 செப்டம்பர் 19 நிலநடுக்கத்தில் முன்னாள் சட்டக்கல்லூரிக் கட்டடத்தின் அடியில் மண் அசைந்து ஒரு பெரிய பாம்புத் தலை தெரிந்தது. 1.8 மீட்டர் நீளம், 1.2 டன். காவி, சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை என்று அதன் மேற்பரப்பில் 80 விழுக்காட்டில் நிறம் ஒட்டியிருந்தது. உடனே அதைச் சுற்றி ஈரப்பதக் கூடம் அமைத்தார்கள். 1790-இல் வந்த சூரியக்கல்லுக்கும் ஒரு காலத்தில் நிறம் இருந்தது. அது திறந்த வெளியில் சுவரில் நின்றே போனது.

கடைசியாக, தோண்டாமல் விட்டதைப் பற்றி. பெருங்கோயிலின் ஏழு கட்டங்களில் முதல் கட்டம், தீவுக்கு வந்த மக்கள் முதன்முதலில் எழுப்பியது, இரண்டாம் கட்டத்துக்குள் இருக்கிறது. இன்றுவரை அதை முறையாக அகழவில்லை. நிலத்தடி நீர்மட்டம் தடுக்கிறது. அதை அடைய நீரை இறைக்க வேண்டும்; நீரை இறைத்தால் களிமண் சுருங்கும்; சுருங்கினால் மேலே நிற்கும் இரண்டாம் கட்டச் சந்நிதிகளும், சுற்றியுள்ள தெருக்களும் அசையும்; ஈரத்தில் அழியாதிருக்கும் மரமும் உலர்ந்து வெடிக்கும். எந்திரங்கள் இல்லாமல் இல்லை, ஆட்களும் இருக்கிறார்கள். 1978-இல் 13 கட்டடங்களை இடித்த அதே நிறுவனம் இதில் கை வைக்கவில்லை. நீரை இறைக்காமல் அங்கே போகும் வழி ஒன்றை நாளை ஒருவர் கண்டுபிடித்தால், தொட வேண்டிய கோயில் அதுவரை தொடப்படாமல் அங்கேயே இருக்கும்.

 வணக்கம்.